மென்னிழையக் கட்டிக்கு மரபணு இணைவுச் சோதனை: மலையகத்திலிருந்து பார்த்தால் எதற்குக் காசு கொடுக்கலாம்?

தொடையின் ஆழத்தில் ஒரு மென்னிழையக் கட்டி, அதாவது தசை, கொழுப்பு, நரம்பு போன்றவற்றில் எழுவது. ஊசியால் எடுத்த நூல்போன்ற துண்டில் கதிருருக் கலங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. கெரட்டின் சாயம் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏறியிருக்கிறது. சைனோவியல் சார்கோமாவா, நரம்புறைப் புற்றா, தனித்த நாருருக் கட்டியா? ஊதாவும் இளஞ்சிவப்புமான வழக்கமான சாயத்தில் நுணுக்குக்காட்டி இதற்கு மேல் வாய் திறக்காது. ஆனால் மருந்தும் சத்திரசிகிச்சையும் மூன்றுக்கும் வேறு வேறு.

இந்த இடத்தில்தான் மரபணு இணைவைத் தேடுகிறோம். இரண்டு மரபணுக்கள் உடைந்து, ஒன்றின் தலை மற்றதன் வாலோடு ஒட்டிக்கொள்வது இணைவு. சைனோவியல் சார்கோமாவில் எக்ஸ் நிறமூர்த்தமும் 18ஆம் நிறமூர்த்தமும் துண்டு மாற்றிக்கொள்கின்றன. விளைவு எஸ்எஸ்18::எஸ்எஸ்எக்ஸ். இந்நோய் உள்ளவர்களில் 95 வீதத்துக்கு மேற்பட்டோரிடம் இது இருக்கும். (நடுவே இரட்டை முக்காற்புள்ளி போடும் வழக்கம் 2021இல் வந்தது. பழைய அறிக்கைகளில் சிறுகோடுதான் இருக்கும், பொருள் ஒன்றே.) இதைக் கண்டுபிடிக்க இன்று மூன்று பொருட்கள் விற்பனைக்கு உண்டு: இணைவுப் புரதத்தையே பிடித்துச் சாயமேற்றும் பிறபொருளெதிரி, ஒளிரும் புரோப் (குறித்த மரபணுவில் போய் ஒட்டும் டி.என்.ஏ துண்டு) கொண்டு செய்யும் ஃபிஷ், பல மரபணுக்களின் ஆர்.என்.ஏயை ஒன்றாக வரிசையறியும் பெனல். கம்பனிக் கையேட்டைப் படித்தால் மூன்றும் பொன். நுவரெலியாவிலோ பதுளையிலோ ஹட்டனிலோ எடுத்த துண்டை வைத்துப் பார்த்தால் கதை கொஞ்சம் மாறும்.

முதலில் பிறபொருளெதிரி. செல் சிக்னலிங் டெக்னொலொஜி கம்பனியின் ஈ9எக்ஸ்9வி என்ற முயல் ஒற்றைக்கூட்டுப் பிறபொருளெதிரி, எஸ்எஸ்18உம் எஸ்எஸ்எக்ஸும் ஒட்டுகிற இடத்தையே குறிவைத்துச் செய்யப்பட்டது. 2020இல் வெளிவந்த முதல் பெரிய ஆய்வில் 100 சைனோவியல் சார்கோமாக்களில் 95இல் கரு முழுவதும் அழுத்தமாகச் சாயமேறியது. ஒப்பிட எடுத்த 300 வேறு கட்டிகளில் ஒன்றிலும் ஏறவில்லை. மென்னிழையக் கட்டித் துறையில் ஒரு தனிச் சாயத்துக்கு இப்படியொரு கணக்கு அபூர்வம். இருட்டறை வேண்டாம், ஒளிர்வு நுணுக்குக்காட்டி வேண்டாம். மற்றச் சாயங்கள் போடும் அதே மேசையில் போட்டு, அதே நாளிலோ மறுநாளோ பார்த்துவிடலாம். அரச வைத்தியசாலை ஆய்வுகூடம் ஒன்று இந்தத் துறையில் ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், எங்கள் தெரிவு இதுதான்.

குறை இல்லாமலில்லை. எஸ்எஸ்18::எஸ்எஸ்எக்ஸ் புரதம் உடலின் இயல்பான இழையம் எதிலும் இல்லை. ஆகவே ஸ்லைட்டில் சாயம் ஏறாவிட்டால், கட்டியில் இணைவு இல்லையா, இழையம் கெட்டுப்போனதா என்று அந்த ஸ்லைட்டே சொல்லித்தராது. தசைப் புரதத்தைக் காட்டும் டெஸ்மின் சாயம் போட்டால் பக்கத்து இரத்தக்குழாய்ச் சுவர் சாயமேறி நம்மைத் தேற்றும், இங்கே அந்த வசதி இல்லை. அதனால் இரண்டு காரியம் கட்டாயம். முன்பே உறுதிசெய்த சைனோவியல் சார்கோமாத் துண்டு ஒன்றை நேர்க் கட்டுப்பாடாக அதே ஸ்லைட்டின் ஓரத்தில் ஏற்ற வேண்டும். அதே புளொக்கில் (பரபின் மெழுகில் பதித்த இழையம்) ஐ.என்.ஐ1 போன்ற, எல்லாக் கருவிலும் ஏறவேண்டிய சாயம் ஒன்றையும் போட்டு, இரத்தக்குழாய் உட்சுவர்க் கலங்களில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கும் வெளிறிக் கிடந்தால் எதிர்மறை முடிவை அறிக்கையில் எழுதக் கூடாது. ஐ.என்.ஐ1 சைனோவியல் சார்கோமாவின் கட்டிக் கலங்களில் மங்கலாகவே வரும் என்பதால், இந்தப் பரிசோதனைக்குக் கட்டியைப் பார்க்காமல் குழாயைப் பார்க்க வேண்டும். திட்டுத்திட்டாக, மங்கலாக, சைற்றோபிளாசத்தில் மட்டும் வரும் சாயத்தை நேர் என்று எழுதுவதும் தவறு. இணைவுமுனை வழக்கத்திலிருந்து சற்று விலகியிருந்தால் இந்தப் பிறபொருளெதிரி பிடிக்காது. தோற்றம் சைனோவியல் என்று அடித்துச் சொல்லியும் சாயம் ஏறாவிட்டால் எஸ்எஸ்18 ஃபிஷுக்கு அனுப்புங்கள்.

இதேபோல் இணைவின் நிழலைப் பிடிக்கும் சாயங்கள் இன்னும் சில உண்டு, அவற்றையும் வாங்கிவைப்பது நல்லது. தனித்த நாருருக் கட்டிக்கு ஸ்டாட்6. இதில் இணையும் என்ஏபி2, ஸ்டாட்6 இரண்டும் 12ஆம் நிறமூர்த்தத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. இடம்புரண்டு ஒட்டினாலும் தூரம் மாறாது. ஃபிஷில் நிறங்கள் பிரிந்து தெரியாது, காசுதான் போகும். கருவில் ஸ்டாட்6 ஏறியிருந்தால் அதுவே விடை. எபிதீலியொயிட் ஹீமாஞ்சியோஎண்டொதீலியோமாவுக்கு காம்டா1, தாழ்தர நார்மிக்சொயிட் சார்கோமாவுக்கு எம்.யூ.சி4. இயல்பான கொழுப்பை ஒத்த கட்டி சந்தேகம் என்றால் இந்த அலுமாரியே வேண்டாம். நன்கு வேறுபட்ட லைப்போசார்கோமாவில் தேடுவது எம்டிஎம்2 பெருகியிருக்கிறதா என்பதை, இணைவை அல்ல.

சாயமும் ஃபிஷும் மலையில் எங்கே சறுக்குகின்றன என்பதற்கு வருவோம். இரண்டிலும் இழையத்தைச் சூடான திரவத்தில் வைத்து, இழையத்தைப் பதப்படுத்தும் போர்மலின் போட்ட முடிச்சுகளைத் தளர்த்தும் ஒரு படி உண்டு. பெரும்பாலான கையேடுகள் 95 முதல் 100 பாகை என்று எழுதுகின்றன. எழுதியவர்கள் கடல்மட்டத்தில் இருந்தார்கள். ஏறத்தாழ 300 மீற்றர் ஏறும்போது நீரின் கொதிநிலை 1 பாகை இறங்குகிறது. ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்துக் கண்டியில் நீர் 98 பாகையை ஒட்டிக் கொதிக்கும். ஹட்டனில் 96. 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் 94ஐ எட்டுவதற்குள் பொங்கிவிடும். திறந்த நீர்த்தொட்டியின் முள்ளை 98இல் வைத்துவிட்டுக் காத்திருந்தால் இரவு வரை காத்திருக்கலாம். அதோடு, கொதிக்கும் குமிழி 4 மைக்ரோன் வெட்டைக் கண்ணாடியிலிருந்து பெயர்த்து எடுத்துவிடும். நேர்மின்னேற்றிய ஸ்லைட்டாக இருந்தாலும் ஓரம் மடிந்துகொள்ளும்.

தீர்வு கடினமில்லை. மூடிய குக்கர் போதும். ஆனால் நுவரெலியாவில் அதன் விசில் எடைக்கு மேலே இருக்கும் காற்றழுத்தமே குறைவு. கடல்மட்டத்தில் 121 பாகை தரும் குக்கர் அங்கே 117, 118இல் நிற்கும். நேரத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும். எவ்வளவு என்பதை உங்கள் சொந்த நேர்க் கட்டுப்பாட்டுப் புளொக்கில் மூன்று வேறு நேரம் வைத்துப் பார்த்தே முடிவுசெய்யுங்கள். கொழும்பில் சரிவந்த அளவைக் கேட்டு எழுதிக்கொள்வது வேலைக்காகாது.

ஃபிஷ் புரோப் வாங்கும்போது இந்த உயரக் கணக்கு நேரடியாக விளையாடும். கையேட்டு முறைகளை ஒப்பிட்டால், சைற்றோவிஷன் கம்பனியின் சைற்றோலைற் வகையில் முன்சூடு சித்திரிக் கரைசலில் 98 பாகை, 15 நிமிடம். கடைசிக் கழுவல் 37 பாகையில். அபொட் கம்பனியின் வைசிஸ் பரபின் முறையில் முன்சூடு தயோசயனேற்றுக் கரைசலில் 80 பாகைதான். ஆனால் கடைசிக் கழுவல் 73 பாகையில் 2 நிமிடம். ஆக, உயரத்தில் முதலாவதற்கு முன்சூடு தலைவலி, இரண்டாவதற்குக் கழுவல் தலைவலி. 73 பாகைக் கழுவலில் அறைக் குளிரில் கிடந்த ஸ்லைட் ஒவ்வொன்றும் ஜாடியின் சூட்டை ஏறக்குறைய ஒரு பாகை இறக்கும். அறை வெப்பநிலை 15 பாகையாக இருக்கும் ஊரில் இது இன்னும் மோசம். ஒரு ஜாடியில் 4 ஸ்லைட்டுக்கு மேல் போடாதீர்கள். வெப்பமானியைத் தொட்டியில் வைக்காமல் ஜாடிக்குள்ளேயே வையுங்கள். கழுவல் சூடு குறைந்தால் பின்னணி முழுக்கப் பச்சைத் தூசு பறக்கும், கூடினால் புள்ளிகளே கழன்றுபோகும். எங்கள் பார்வையில், உயர்ந்த இடத்து ஆய்வுகூடத்துக்கு 80 பாகை முறை வசதி. கண்டி, பேராதனை உயரத்தில் இரண்டும் சரிசமம். எது பழக்கமோ அது.

மற்றப் படிகள் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. 4 மைக்ரோன் வெட்டு, 56 முதல் 60 பாகையில் இரவு முழுக்க ஸ்லைட்டைச் சுடுதல், பரபின் நீக்கம், முன்சூடு, 37 பாகையில் பெப்சின் (புரதத்தைச் செரிக்கும் நொதி). பிறகு 22 மில்லிமீற்றர் சதுர மூடிக்கு 10 மைக்ரோலீற்றர் புரோப், ரப்பர் பசையால் ஓரம் அடைத்தல், 73 முதல் 75 பாகையில் டி.என்.ஏ இழை பிரித்தல், 37 பாகை ஈரப்பெட்டியில் இரவு முழுக்க ஒட்டவிடுதல், கழுவல், கருவை நீலமாகக் காட்டும் டாபி சாயம். இவற்றில் சோதனையைக் கெடுக்கும் படி பெரும்பாலும் பெப்சின். போதாவிட்டால் கரு மூடிக் கிடக்கும், புரோப் உள்ளே போகாது, புள்ளி மங்கும். கூடினால் கருவின் ஓரம் கரைந்து, நடுவில் ஓட்டை விழுந்த வடைபோலத் தெரியும். 5 நிமிடத்தில் தொடங்கி டாபி மட்டும் போட்டு ஒரு தடவை பார்த்து, வேண்டுமானால் மறுபடி பெப்சினில் விடுங்கள். அதிகம் ஊறிய புளொக்குக்கு நேரம் கூடும், ஊசித்துண்டுக்குக் குறையும். ஒரே நேரத்தை எல்லாவற்றுக்கும் வைப்பவர்தான் "புரோப் சரியில்லை" என்று கம்பனியைத் திட்டுவார். ரப்பர் பசை காய்வதற்கு முன் ஈரப்பெட்டியில் வைத்தாலும் மூடி வழுகும். மழைக்காலத்தில் அந்தப் பசை காயக் கூடுதல் நேரம் எடுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

எண்ணும் முறை பற்றி. உடைவு புரோப்பில் மரபணுவின் இரு பக்கத்துக்கும் இரண்டு நிறம். உடையாத மரபணுவில் இரண்டும் ஒட்டி மஞ்சளாகத் தெரியும். உடைந்தால் பச்சை ஒரு பக்கம், செம்மஞ்சள் ஒரு பக்கம் விலகும். எந்த நிறம் எந்த முனை என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும், பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள். இரண்டு பேர் தனித்தனியே, ஒன்றன்மேல் ஒன்று ஏறாத 50 கருக்களாவது ஆளுக்கு எண்ண வேண்டும். ஒரு புள்ளியின் அகலத்துக்குள் விலகல் இருந்தால் அதைப் பிரிவென்று எண்ணக் கூடாது. இரண்டு புள்ளி அகலம் என்பது பாதுகாப்பான அளவு. எத்தனை வீதம் வந்தால் நேர் என்பதைத் தாளிலிருந்து எடுக்காமல், உங்கள் ஆய்வுகூடத்திலேயே இணைவில்லாத இழையங்களில் எண்ணி, சராசரியோடு மூன்று நியமவிலகலைக் கூட்டி வையுங்கள். பெரும்பாலும் 10க்கும் 20க்கும் இடையில் வந்து நிற்கும். கரு 4 மைக்ரோனைவிடப் பெரியது. கத்தி கருவின் தலையைச் சீவிவிடுவதால் ஒரு நிறம் மட்டும் காணாமல் போவது சகஜம். அதை இழப்பு என்று எழுதிவிடக் கூடாது.

புரோப்புகளில் எஸ்எஸ்18க்கு எங்கள் முழு மதிப்பெண். உடைந்திருந்தால், சரியான தோற்றமும் சேர்ந்தால், அது சைனோவியல் சார்கோமா. எஸ்எஸ்எக்ஸ்1ஆ எஸ்எஸ்எக்ஸ்2ஆ என்று அது சொல்லாது. சிகிச்சையும் அதைப் பொறுத்து இன்று மாறுவதில்லை.

ஈடபிள்யூஎஸ்ஆர்1 புரோப் வேறு சாதி. அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதிகம் தவறாகப் படிக்கப்படுவதும் இதுதான். இந்த மரபணு உடைந்திருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லும், யாரோடு சேர்ந்தது என்று சொல்லாது. எஃப்எல்ஐ1ஓடு சேர்ந்தால் ஈவிங் சார்கோமா. டபிள்யூடி1ஓடு சேர்ந்தால் வயிற்றறையில் வரும் டெஸ்மோபிளாஸ்டிக் சிறுவட்டக் கலக் கட்டி. ஏடிஎஃப்1 என்றால் தெளிகலச் சார்கோமாவாகவும் இருக்கலாம், பெரும்பாலும் பாதகமில்லாத ஆஞ்சியோமாற்றொயிட் நாரிழையக் கட்டியாகவும் இருக்கலாம். என்ஆர்4ஏ3 என்றால் எலும்புக்கு வெளியே வரும் மிக்சொயிட் கொண்ட்ரோசார்கோமா. மயோஎபிதீலியல் கட்டிகளிலும் இது உடையும். சிறுவட்டக் கலங்களைப் பார்த்து, சிடி99ஐப் போட்டு, ஈடபிள்யூஎஸ்ஆர்1 உடைவு நேர் என்று கண்டு "ஈவிங்" என்று எழுதுவது மூன்று கால் நாற்காலி. என்.கே.எக்ஸ்2.2, டெஸ்மின், டபிள்யூடி1இன் வால்முனைச் சாயம் ஆகியவற்றையும் பார்த்த பிறகே அதில் உட்காரலாம்.

எதிர்மறை முடிவும் அவ்வளவு உறுதியில்லை. ஈவிங்கில் ஏறக்குறைய 85 வீதம் எஃப்எல்ஐ1, 10 வீதமளவு ஈஆர்ஜி. ஈஆர்ஜி தன் நிறமூர்த்தத்தில் எதிர்த்திசையைப் பார்த்துக் கிடப்பது. ஈடபிள்யூஎஸ்ஆர்1ஓடு ஒழுங்காகச் சேர வேண்டுமானால் சாதாரணத் துண்டுமாற்றம் போதாது, சிறு துண்டு ஒன்று புரண்டு செருக வேண்டும். அப்போது நிறங்கள் சரியாகப் பிரியாமல் ஏமாற்றும். எஃப்யூஎஸ்::ஈஆர்ஜி கொண்ட சில ஈவிங்கில் ஈடபிள்யூஎஸ்ஆர்1 உடையவே உடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வகைப்பாடு ஈவிங்கைப் போலத் தோன்றும் சிஐசி, பிகோர் சார்கோமாக்களைத் தனியாகப் பிரித்துவிட்டது; இந்தப் புரோப்புக்கு அவை கண்ணிலேயே படாது. ஆக ஈடபிள்யூஎஸ்ஆர்1: வாங்கலாம், ஆனால் தனியே வாங்காதீர்கள். எஃப்யூஎஸ் புரோப்பையும் சேர்த்தால் மிக்சொயிட் லைப்போசார்கோமாவுக்கும் பாதி வழி கிடைக்கும் (அதற்கு டிடிஐடி3 புரோப்தான் முழு வழி).

இணைவு என்றதும் புற்று என்று நினைப்பவர்களுக்காக யூஎஸ்பி6 புரோப்பைச் சொல்லியாக வேண்டும். முன்கையில் சில வாரங்களுக்குள் வீங்கி, நுணுக்குக்காட்டியில் பிரியும் கலங்கள் நிறைந்து, சார்கோமாபோலப் பயமுறுத்தும் முடிச்சுப் பாசியைட்டிஸ் முழுக்கப் பாதகமற்றது. அதில் எம்வைஎச்9::யூஎஸ்பி6 இணைவு இருப்பது 2011இல் தெரியவந்தது. சிறு ஊசித்துண்டில் சந்தேகம் தீராதபோது இந்தப் புரோப் ஒருவரின் கையை வீணான பெரிய வெட்டிலிருந்து காப்பாற்றும். அடிக்கடி தேவைப்படாது, அதனால் வாங்கி வைக்காமல், இருக்கிற இடத்துக்குப் புளொக்கை அனுப்புவது புத்தி.

மூன்றாவது, ஆர்.என்.ஏ பெனல். இதில் ஆர்ச்சர் ஃபியூஷன்பிளெக்ஸ் சார்கோமா போன்றவை ஒரு முனையில் தெரிந்த மரபணுவைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையில் யார் வந்து ஒட்டியிருந்தாலும் வரிசையோடு இழுத்து வரும். முதலில் வந்த ஆர்ச்சர் சார்கோமாப் பெனலில் 26 மரபணுக்கள் இருந்தன. ஈடபிள்யூஎஸ்ஆர்1இன் கூட்டாளி யார் என்ற கேள்விக்கு நேர்விடை இங்கேதான். என்டிஆர்கே3 இணைவு தெரிந்தால் மருந்தும் மாறும்: கைக்குழந்தை நாரிழையச் சார்கோமாவில் ஈடிவி6::என்டிஆர்கே3 கண்டால் லாரோட்ரெக்டினிப் என்ற மருந்தைக் கப்சூலாகவோ திரவமாகவோ கொடுக்கலாம், அமெரிக்க அனுமதி 2018 நவம்பரில் கிடைத்தது. என்டிஆர்கே மரபணுக்களின் புரதத்தைக் காட்டும் பான்-டி.ஆர்.கே சாயம் இதற்கு வடிகட்டியாகப் பயன்படும். ஆனால் நரம்பிலும் மழமழப்புத் தசையிலும் அது இயல்பாகவே ஏறும், அதை மட்டும் நம்பி மருந்து தொடங்கக் கூடாது.

இந்தச் சேவையை வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, ஆர்.என்.ஏ தரத்தை அறிக்கையில் எழுதுவார்களா என்பதை. 200 நியூக்கிளியோடைட்டுக்கு மேல் நீளமான துண்டுகள் எத்தனை வீதம் என்பது டிவி200 எண். அது பொதுவாக 30க்குக் கீழே இறங்கினால், "இணைவு இல்லை" என்ற வரிக்கு மதிப்பில்லை. "பார்க்க முடியவில்லை" என்றுதான் அர்த்தம். இந்த எண்ணை எழுதாத அறிக்கை, எடை எழுதாத கொழுந்துச் சீட்டு மாதிரி. பெனலில் இருக்கும் மரபணுப் பட்டியலையும் கேளுங்கள், பட்டியலில் இல்லாதது தெரியாது. சிஐசி::டியூஎக்ஸ்4 பட்டியலில் இருந்தும் தவறலாம். டியூஎக்ஸ்4 நிறமூர்த்த நுனியில் பலதடவை மீண்டு வரும் வரிசைக்குள் கிடப்பதால், கணினி அந்தத் துண்டுகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தள்ளிவிடும். அங்கே ஈடிவி4, டபிள்யூடி1 சாயங்கள்தான் கைகொடுக்கும்.

பெனலுக்கான துண்டு வெட்டும்போது புதிய கத்தி, கையுறை, ஆர்.என்.ஏயைத் தின்னும் நொதியை அழிக்கும் துடைப்பு. முதல் சுருளை எறிந்துவிட்டு, 10 மைக்ரோனில் 5 முதல் 10 சுருள். அதற்கு முன் ஒரு வெட்டைச் சாயமிட்டுப் பார்த்து, கட்டிக் கலம் ஐந்தில் ஒரு பங்காவது இருக்கிற பக்கத்தைக் குறித்துக் கொடுங்கள். செத்துக் கருகிய பகுதியிலிருந்து எடுத்தால் எந்தப் பெனலும் கையை விரிக்கும்.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது புளொக்கின் தரம். மலையகத்தில் நன்மை தீமை இரண்டும் இங்கேதான். கட்டி வெட்டியெடுத்ததும் பாத்திரத்தின் பருமனில் துண்டுக்குப் பத்து மடங்காவது போர்மலின் இருக்க வேண்டும். முழுக் கட்டியை அப்படியே போட்டால், மணிக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் வேகத்தில் உள்ளே போகும் போர்மலின் நடுவைத் தொடுவதற்குள் நடு அழுகும். 1 சென்ரிமீற்றருக்குக் குறைந்த தடிப்பில் கீறித் திறந்து போடுங்கள். குளிர் அறையில் புரதப் பிணைப்பு மெதுவாக நடக்கும், ஆகவே நுவரெலியாவில் இரவு 10 பாகையில் சன்னலோரம் வைத்த ஜாடி, கண்டியில் 25 பாகையில் வைத்த ஜாடிக்கு ஈடாகாது. 20 பாகைக்கு மேல் இருக்கும் அலுமாரியில் வையுங்கள். போர்மலினில் 6 மணித்தியாலத்துக்குக் குறைந்தாலும் கெடுதல், 72 மணித்தியாலம் தாண்டினாலும் கெடுதல். வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுத்து, திங்கள் போயா விடுமுறையும் வந்துவிட்டால், செவ்வாய் காலைக்குள் 80 மணித்தியாலம் கடந்திருக்கும். அவசரமில்லாத ஊசித்துண்டை அந்த வெள்ளியில் எடுக்காமல் செவ்வாய்க்குத் தள்ளுவது நோயாளிக்கே நல்லது.

போர்மலினைக் கலக்கும் விதமும் முக்கியம். 1 லீற்றருக்கு: 40 வீதப் போர்மல்டிஹைட் சரக்கு 100 மில்லிலீற்றர், நீர் 900 மில்லிலீற்றர், சோடியம் இருஐதரசன் பொஸ்பேற்று (ஒற்றைநீரேற்று) 4 கிராம், இருசோடியம் ஐதரசன் பொஸ்பேற்று (நீரற்றது) 6.5 கிராம். பி.எச் 7ஐ ஒட்டி நிற்க வேண்டும். உப்பைப் போடாமல் வெறும் நீரில் கலந்தால் அது நாளடைவில் அமிலமாகி ஆர்.என்.ஏயைத் துண்டு துண்டாக்கும். சாயம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பெனல் மட்டும் செத்திருக்கும். குளிர்ப் பிரதேசத்தில் சரக்குப் போத்தலின் அடியில் வெண்மையாகப் படிவது பரபோர்மல்டிஹைட். குளிரில் அது திரண்டு இறங்கும், மேலே நிற்கும் திரவம் நினைத்ததைவிட நீர்த்தது. அதிலிருந்து அளந்து கலந்தால் 10 வீதப் போர்மலின் 10 வீதமாக இருக்காது. போத்தலைச் சூடான அறையில் வையுங்கள், படிந்ததை வாங்காதீர்கள். எலும்பு சேர்ந்த துண்டை நைத்திரிக் அமிலத்தில் மென்மையாக்கினால் ஃபிஷும் பெனலும் இரண்டும் போச்சு. ஈ.டி.டி.ஏயில் நாட்கணக்கில் வையுங்கள், அல்லது எலும்பில்லாத மென்பகுதியைத் தனிப் புளொக்காக எடுத்துவிடுங்கள்.

ஊசித்துண்டு எடுப்பவருக்கு ஒரு வேண்டுகோள்: 14 அல்லது 16 கேஜ் ஊசி, பல துண்டுகள், எல்லாவற்றையும் ஒரே புளொக்கில் அடைக்காமல் இரண்டு மூன்றாகப் பிரியுங்கள். முதல் தடவை வெட்டும்போதே சாயமிடாத 10, 15 ஸ்லைட்டைச் சேர்த்து வெட்டி வைத்தால், ஒவ்வொரு தடவையும் புளொக்கைத் திருத்திச் சமன்செய்து இழையம் வீணாகாது. வெளியூருக்கு அனுப்பும்போது ஸ்லைட்டோடு புளொக்கும் போக வேண்டும். வெட்டி வைத்த ஸ்லைட் வாரக்கணக்கில் பழுதாகும், புளொக் தாங்கும். பரபின் 56 பாகைக்கு மேலே உருகும். பஸ்ஸின் முன்கண்ணாடி ஓரத்தில் வெயிலில் வைத்துக் கண்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். நோயாளி மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டால் அறிக்கை மட்டும் போனால் போதாது, புளொக்கின் இலக்கமும் போக வேண்டும், இல்லாவிட்டால் அங்கே மறுபடி ஊசி.

சேவையின் இன்னொரு பகுதி அறிக்கை வீட்டுக்குப் போகும்போது தொடங்குகிறது. அது ஆங்கிலத்தில் வரும். "மரபணு மாற்றம்" என்று தமிழில் யாராவது சொல்லிவிட்டால், அந்தச் சொல்லுக்குள் மரபு இருப்பதால், லயத்து வீட்டில் பிள்ளைகளுக்கும் வரும் என்ற பயம் அன்றிரவே புகுந்துவிடும். இந்த இணைவுகள் கட்டிக் கலத்துக்குள் மட்டும் பிறந்தவை. பெற்றோரிடமிருந்து வந்தவையல்ல, பிள்ளைக்குப் போகிறவையுமல்ல. "கட்டியின் கலத்தில் உண்டான ஒட்டு" என்று சொன்னால் போதும், கன்றுக்கு ஒட்டுப் போடுவதை அறிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

வாங்கும் அளவு. சைற்றோலைற் புரோப் 50 மைக்ரோலீற்றர், 200 மைக்ரோலீற்றர் என்ற இரு அளவில் வருகிறது. அதாவது 5 அல்லது 20 சோதனை. பெரிய போத்தலுக்கு ஒரு சோதனையின் விலை குறையும் என்று ஆசைப்பட வேண்டாம். இந்தக் கட்டிகள் அரிது. ஒவ்வொரு ஓட்டத்திலும் நேர்க் கட்டுப்பாடு ஒன்று ஏற வேண்டும் என்பதால், 5 சோதனைப் போத்தல் என்பது உண்மையில் நோயாளிகள் இரண்டு மூன்று பேருக்குத்தான். அதைக் கணக்கிலெடுத்து, மாகாணத்துக்குள் இரண்டு வைத்தியசாலைகள் ஒரே நாளில் சேர்த்து ஓட்டினால் கட்டுப்பாட்டு ஸ்லைட் மிச்சமாகும். புரோப் இருட்டில் இருக்க வேண்டும்: சைற்றோலைற் 2 முதல் 8 பாகையில், வைசிஸ் மறை 20 பாகையில். உறைபனியைத் தானே உருக்கும் வீட்டுப் பிரிட்ஜின் மேல்தட்டு இதற்கு ஆகாது. அது தானாகச் சூடாகித் தானாகக் குளிரும். மின்வெட்டு நீளும் ஊரில் இரவு முழுக்க 37 பாகை தாங்க ஒரு யூ.பி.எஸ் வாங்குங்கள், அதன் மின்கலத்தை ஈரப்பெட்டியை மட்டும் தாங்கும் அளவில் எடுத்தால் போதும். உறைபெட்டி மூடியே இருந்தால் சில மணி நேரம் தானே தாங்கும்.